பரணில் இருக்கும் தட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

மொரப்பூரிலும் கம்பைநல்லூர், கடத்தூர், அரூர் பக்கத்து ஊர்களிலும் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்த வீட்டாருக்கு,

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதன் மேல் தேங்காய் நார்க் கயிறு, கம்பி முறிந்த குடை, பிள்ளைகள் படித்து முடித்த பாடப் புத்தகக் கட்டு. பெட்டிக்குள் காகித உறை போட்டும் போடாமலும் கறுப்பு இசைத்தட்டுகள். போன மாதம் உங்களில் ஒரு வீட்டார் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கி, பழைய இரும்பு எடுக்க வந்தவரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். விலை படியாததால் பெட்டி மறுபடி பரணுக்கு ஏறிவிட்டதாம். இந்தச் சேதி காதில் விழுந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை விலை படிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு வேற்றாள் இல்லை. என் அப்பாவும் மைக் செட்காரர். உங்கள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே முகூர்த்த நாளில் ஆளுக்கொரு ஊரில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர்கள். ஒருவருடைய ஆம்ப்ளிபயர் பழுதானால் இன்னொருவர் வீட்டுக் கதவை நடுராத்திரியில் தட்டி, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போன காலம் அது. தொழிலில் போட்டி இருந்தது. ஆனாலும் ஒரு கல்யாண வீட்டில் பாட்டு நிற்கக்கூடாது என்பதில் எல்லோரும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் என்னைத்தான் கூட்டிப்போவார். எனக்குக் கொடுத்த வேலை முள் மாற்றுவது. மூடியில் நாய் படம் போட்ட சின்னத் தகர டப்பாவில் எஃகு முட்கள் இருக்கும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் பழைய முள்ளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். முள் விலை கட்டுப்படியாகாத மாதங்களில் இரண்டு பக்கத்துக்கு ஒரு முள் என்று ஓட்டுவோம். அப்போது தட்டு தேயுமே என்று அப்பா முகம் சுளிப்பார். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. அதற்குள் அடுத்த தட்டை உறையிலிருந்து எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, கையில் வைத்திருக்க வேண்டும். பந்தலில் தாலி கட்டும் நேரத்தைக் கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. என் சிறு வயதுக் கல்யாணங்கள் எல்லாம் எனக்கு மூன்று நிமிடம் மூன்று நிமிடமாகத்தான் நினைவிருக்கின்றன.

எங்கள் வீட்டில் இன்று ஒரு தட்டும் இல்லை. 2003ல் அப்பா போனார். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஆம்ப்ளிபயருக்குள் இருந்த செம்புக் கம்பிக்காகப் பழைய சாமான்காரர் வந்தார். தட்டுகளுக்கு அவர் விலையே சொல்லவில்லை; சும்மா தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். சரி என்று சொன்னவள் நான்தான். ஒரு அடுக்கு சாக்கில் அடங்கவில்லை. அவர் தட்டைத் தம் முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். ஐந்தாறு தட்டு உடைந்த பிறகுதான் என் கை நீண்டது. அதற்குள் வாசலில் அரக்குத் தூள் சிந்திக் கிடந்தது. உடைந்த துண்டு ஒன்றில் ஒட்டியிருந்த காகிதத்தில் படத்தின் பெயர் பாதி தெரிந்தது: ‘காதலிக்க நே’.

அந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். ஏனென்றால் உங்கள் பெட்டிக்குள்ளும் அது இருக்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தக் காலத்தில் அந்தப் படத்துத் தட்டு இல்லாத மைக் செட்காரருக்குக் கல்யாண ஆர்டர் கிடைக்காது.

‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது 1964 பிப்ரவரி 27. ‘கல்யாணப் பரிசு’ எடுத்து ஊரையே அழவைத்த ஸ்ரீதர், ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நம்மை உட்கார வைத்த அதே ஸ்ரீதர், தம் சிநேகிதர் கோபுவோடு உட்கார்ந்து ஒருவரும் அழாத ஒரு காதல் கதையை எழுதினார். ராஜா ராணிப் படத்துக்குத்தான் கலர் என்று இருந்த நாளில், கால்சட்டையும் புடவையும் உடுத்திய சாதாரண மனிதர்களை ஈஸ்ட்மென் கலரில் காட்டினார். மலேசியாவிலிருந்து வந்த ரவிச்சந்திரனுக்கு அது முதல் படம். விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனா, ராஜஸ்ரீ, முத்துராமன், சச்சு. ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டுச் சினிமாவுக்கு வந்த நாகேஷ். ரயிலால் பிழைக்கும் நம் ஊர்க்காரர்கள் அவரைத் தனி உரிமையோடு நேசித்ததை நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் டி.எஸ்.பாலையா. 1936ல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி வருஷக்கணக்கில் வில்லனாக நடித்த மனிதர். அவரைக் கூப்பிட்டு, பணம் பணம் என்று அலையும் ஓர் எஸ்டேட் முதலாளி அப்பாவாக உட்கார வைத்தார்கள். மகன் நாகேஷ் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று கம்பெனி தொடங்கி, அந்த அப்பாவுக்கே பேய்ப்படம் ஒன்றின் கதையைச் சொல்லும் காட்சியை உங்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் கைபேசியில் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஆனால் மொரப்பூரில் அந்தப் படம் முதலில் கண்ணுக்கு வரவில்லை, காதுக்குத்தான் வந்தது. நகரத்தில் ஓடித் தேய்ந்த பிரதிதான் நம் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வரும். சில படம் வர வருஷமாகும். பாட்டு அதற்காகக் காத்திருக்கவில்லை. இலங்கை வானொலியில் ஒரு வீட்டில் கேட்கும், அது நாலு வீட்டுக்குச் சேரும். தட்டாக வந்தபின் நாற்பது வீட்டுக்குச் சேரும். உங்கள் அப்பா குழாயைப் புளிய மரத்தில் ஏற்றிக் கட்டினால் நாலு ஊருக்குச் சேரும். படம் பார்க்காத ஊரில் படத்தின் பாட்டு மட்டும் பல வருஷம் வாழ்ந்தது.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து போட்ட மெட்டுகள், கண்ணதாசன் எழுதிய பாட்டுகள். பி.பி.ஸ்ரீநிவாஸ், சுசீலா, எல்.ஆர்.ஈஸ்வரி, அப்போதுதான் தமிழுக்கு வந்திருந்த யேசுதாஸ், தலைப்புப் பாட்டுக்குச் சீர்காழி கோவிந்தராஜன். நாகஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தாளமும் கித்தாரும் கைதட்டலும் புதிதாக இருந்திருக்கும். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை, நான் அதற்குள்ளேயே பிறந்தவள். வேலை கேட்டுப் பாடும் பாட்டு ஒன்று அந்தப் படத்தில் உண்டு; அதை நான் திரையில் பார்த்தது பன்னிரண்டு வயதில். அதுவரை அது பசித்தவன் பாட்டு என்றே நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் வேலை கேட்டுப் போனவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு போகவில்லையே! கொட்டகை மணலில் உட்கார்ந்து, ஆழியாறு அணைக்கட்டு மாளிகை முன்னால் கூடாரம் போட்டு ஒரு வாலிபன் முதலாளியை மரியாதையில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடுவதைப் பார்த்தபோது நான் வாய் பிளந்தேன். வேலையைப் பிச்சையாகக் கேட்காமல் உரிமையாகவும் கேட்கலாம், அதையும் சிரித்துக்கொண்டே கேட்கலாம் என்று எனக்குச் சொன்னது அந்தப் பாட்டுதான். அன்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா படத்தைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “நம்ம தட்டுல இவ்வளவு இல்லையே, நடுவுல ஒரு அடி வெட்டிட்டாங்க பாத்தியா” என்றார். படத்தில் நீண்டு ஓடும் பாட்டைத் தட்டில் மூன்று நிமிடத்துக்குள் அடக்கியாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓர் அடிக்காக வீடு வரும் வரை வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஏன் இந்தப் படத்தை மட்டும் எடுத்துப் பேசுகிறேன் என்றால், நம் மாவட்டத்தில் காதல் என்ற சொல்லுக்கு வேறொரு கனம் சேர்ந்துவிட்டது. 2012 நவம்பரில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் குடியிருப்புகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதி விட்டுச் சாதி நடந்த ஒரு கல்யாணத்துக்காக வீடுகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தக் கல்யாணத்தைச் செய்துகொண்ட இளைஞனின் உடல் தருமபுரியில் ரயில் பாதையோரம் கிடந்தது. அந்த மாதங்களில் நான் வகுப்பில் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சினிமாவால் வந்த கேடு என்று நம் பெரியவர்கள் பலர் பேசினார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பேச்சு நடந்திருக்கும்.

நான் அப்போது நினைத்துக்கொண்டது என் அப்பாவின் தட்டுகளைத்தான். ஓர் அப்பா, இரண்டு மகள்கள், மகள்களின் விருப்பம், அப்பாவின் கர்வம்: கதை அதேதான். அந்தப் படத்தில் கர்வத்தைத் தோற்கடிப்பது சிரிப்பு. கடைசியில் பாலையா தோற்கிறார், தோற்றதில் அவருக்கு ஓர் இழுக்கும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் படம் பணத்தைப் பற்றித்தான் பேசியது. சாதியின் பக்கம் அது திரும்பவே இல்லை. அது அதன் குறை, பெரிய குறை. ஆனாலும் எல்லாச் சாதிக் கல்யாணத்திலும் அதே தட்டு ஓடியது. மணவறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் பேசிக்கூடப் பார்த்திராதவர்கள். அவர்கள் தலைக்கு மேலே குழாயில் காதல் பாட்டு. யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. பெரியவர்களே கேட்டு வாங்கிப் போட்டார்கள். மகளின் விருப்பம் என்பது பாட்டாக வந்தால் இந்த ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது, ரசித்தது. அந்தப் பொறுமைக்குச் சாட்சி உங்கள் பெட்டியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியம் இல்லை. இரண்டு குழாய் கொண்டுபோனால், இரண்டையும் தம் தெருப் பக்கமே திருப்பச் சொல்லும் வீடுகள் இருந்தன. ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்து, “ஒன்ன மட்டும் இப்படித் திருப்பு சாமி, நாங்களும் கேக்கறம்” என்று அப்பாவிடம் கேட்டதை நான் நேரில் பார்த்தேன். அப்பா மரத்தில் ஏறி ஒரு குழாயைத் திருப்பிக் கட்டினார். கல்யாண வீட்டார் கூலியில் பிடித்தம் செய்தார்கள். உங்கள் அப்பாக்களும் திருப்பிக் கட்டியவர்கள்தான். எந்தெந்த ஊரில் என்று அந்தப் பாட்டி போன்றவர்கள் சொன்னால்தான் உண்டு, அவர்களும் இன்று இல்லை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அந்தப் பாட்டெல்லாம்தான் கைபேசியில் கிடைக்கிறதே டீச்சர், பரணில் எதற்கு இத்தனை பாரம் என்று. பழைய சாமான்காரருக்குச் சரி சொன்ன அன்று நானும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், பாட்டுதான் கேசட்டில் இருக்கிறதே என்று. அதனால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

கைபேசியில் இருப்பது பாட்டு மட்டும். உங்கள் தட்டில் இருப்பது பாட்டும், அதைக் கேட்ட ஊரும். பெட்டியைத் திறந்து தட்டின் நடுக் காகிதத்தைப் பாருங்கள். என் அப்பா கல்யாணத்துக்குப் போடக்கூடிய பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைப்பார். மங்கல வீட்டில் போடவே கூடாத சோகப் பாட்டில் சிவப்புப் பெருக்கல் குறி. காதுகுத்துக்கு ஒரு குறி, மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு குறி, கொட்டகையில் ஆட்டம் தொடங்கும் முன் போடுவதற்கு ஒரு குறி. உங்கள் அப்பாவும் ஏதோ ஒரு குறி வைத்திருப்பார். முதலெழுத்தைப் பெயின்டில் எழுதியிருப்பார். எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கினார் என்று பென்சிலால் கிறுக்கியிருப்பார். எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதுதான் நம் ஊர் அதிகம் கேட்ட பாட்டு. எந்த அடியில் கீறல் ஆழமோ அங்கே யாரோ “திரும்பப் போடு” என்று கேட்டிருக்கிறார்கள், முள்ளைத் தூக்கி மறுபடி வைத்திருக்கிறார்கள். மொரப்பூர் எதைக் கேட்டுச் சிரித்தது, எதைக் கேட்டு ஏங்கியது என்று எழுதிவைத்த ஏடு வேறு எங்கும் கிடையாது.

தட்டின் வயதும் சாதாரணமில்லை. உலகத்தில் பல நாடுகள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டை ஒதுக்கிவிட்ட பிறகும், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆலையில் நமக்காக அதை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் நம்மிடம் அத்தனை இருந்தன. 1964ல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாட்டைக்கூட டம்டத்தில் 78 தட்டாகப் போட்டார்கள். அந்தத் தட்டுக்கு இன்று உலகமெங்கும் ஆள் அலைகிறார்கள். நம் விஸ்வநாதன் ராமமூர்த்தி தட்டுக்கு நாம்தான் அலைய வேண்டும், வேறு யாரும் வரமாட்டார்கள். அந்த இருவரும்கூட அடுத்த ஆண்டே பிரிந்துவிட்டார்கள். இருவர் பெயரும் சேர்ந்து அச்சான காகிதம் ஒட்டிய தட்டு என்பதே ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உரியது.

பாதுகாக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’, 1931ல் வந்தது, இன்று ஒரு பிரதி கிடையாது. அதற்கு முந்தைய ஊமைப் படமான ‘கீசக வத’மும் போயிற்று. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964 பிப்ரவரியில். ஆம், நம் படம் வெளிவந்த அதே மாதம். பாலையா தியேட்டரில் சிரிக்க வைத்த மாதத்தில்தான் இந்த நாட்டுக்குப் படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றே தோன்றியிருக்கிறது! பிலிப்பைன்ஸில் உலகப் போருக்கு முன் எடுத்த படங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிஞ்சின. அந்த நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஏ.பி.எஸ்.-சி.பி.என். 2011ல் ‘சாகிப் பெலிகுலா’ என்று ஒரு மீட்பு வேலையைத் தொடங்கியது. படத்தைக் காப்பாற்று என்பது பொருள். பெரிய கலைப் படங்களோடு அவர்கள் நிற்கவில்லை. ஊரே முணுமுணுத்த பாட்டுகள் உள்ள, சிரிக்கவைக்கும் காதல் படங்களையும் எடுத்துத் துடைத்து ஒட்டி மறுபடி திரையில் ஓட்டினார்கள். அவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன் அப்படித் தெரிய வேண்டும்?

இழப்பைப் பற்றி மொரப்பூர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்வது! 1906ல் நம் ஊரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள், பிறகு அது ஓசூர் வரை நீண்டது. 1941ல் போர்க்காலத்தில் அதைப் பிடுங்கி எடுத்தார்கள். பிடுங்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? திரும்பக் கேட்டு நாம் எத்தனை மனு எழுதினோம், எத்தனை தேர்தலில் வாக்குறுதி வாங்கினோம்! 36 கிலோமீட்டர் பாதைக்கு அடிக்கல் நாட்டவே 2019 ஆயிற்று. தண்டவாளமாவது திரும்பப் போட முடியும். உடைந்த தட்டைத் திரும்பப் போட ஆலையே கிடையாது.

உங்களில் சிலருக்கு வேறு ஒரு பயம் இருப்பதும் எனக்குத் தெரியும். பழைய பாட்டைப் போட்டால் உரிமம் கேட்டு வருவார்கள், அபராதம் போடுவார்கள் என்று மண்டபத்துக்கு மண்டபம் பேச்சு. சட்டத்தைப் பார்த்துவிட்டே சொல்கிறேன். ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் உள்ள உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுதான். 1964ல் வந்த ஒலிப்பதிவின் உரிமை 2024 டிசம்பரோடு தீர்ந்தது. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் வேறு கணக்கு: எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, விஸ்வநாதன் 2015. ஆகவே அந்த உரிமை இன்னும் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். அதனால் எதையும் விற்கவோ ஊரறியப் பரப்பவோ நான் கேட்கவில்லை. கல்யாணச் சடங்கிலும் அதன் ஊர்வலத்திலும் பாட்டுப் போடுவதற்குச் சட்டமே விலக்குத் தருகிறது. சொந்தத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதற்கும் இடம் தருகிறது. பயத்தால் பெட்டியை ஒழித்துக்கட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே ஒரு காரியத்தை உங்களிடம் கேட்பதற்காகத்தான்.

வரும் தை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டியை மொரப்பூரில் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரயிலடியில் மைக் செட்காரர் வீடு என்று கேட்டால் இன்றும் காட்டுவார்கள். தட்டை எனக்குத் தர வேண்டாம். விலைக்கும் வேண்டாம், தானமாகவும் வேண்டாம். அன்று சாயங்காலமே அத்தனையும் உங்களோடு திரும்பிப் போகும். என்னிடம் படித்த பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் காகிதத்தில் அச்சானதை ஒருவர் எழுதிக்கொள்வார். காகிதத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவில் பொறித்திருக்கும் எண்ணை இன்னொருவர் விளக்கு வைத்துப் படிப்பார். அந்த எண்தான் தட்டின் பிறந்த சாதகம். உங்கள் அப்பா வைத்த குறிகளைப் படம் எடுப்போம். அது என்ன குறி என்று உங்கள் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ தெரியுமானால் அவரையும் கையோடு கூட்டி வாருங்கள். வண்டிச் செலவை நான் தருகிறேன். பெட்டியைவிட அவர் வருவதுதான் எனக்கு முக்கியம். பிறகு 78 தட்டுக்கு என்றே உள்ள அகல முனை முள்ளால் ஒரே ஒரு முறை ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்வோம். எல்.பி. தட்டின் மெல்லிய முள்ளை இதில் வைத்தால் வரிப்பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கைத்தான் பாடும். அதனால் யாரும் அதற்குள் வீட்டில் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எழுதிய பட்டியலின் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு. ஒன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் என்று, பிறர் குப்பை என்று எறிந்ததையெல்லாம் எடுத்துவைத்ததால் உண்டான இடம் அது. நம் பட்டியலின் அருமை அவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு தட்டை வைத்துக்கொள்வதும் கொடுப்பதும் உங்கள் விருப்பம். விற்றே ஆகவேண்டிய கஷ்டம் வந்தால், பழைய சாமான்காரரிடம் போகும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

வேலை முடிந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில், வாசல் வேப்ப மரத்தில் குழாய் கட்டுகிறோம். சத்தம் குறைத்துத்தான். உங்கள் பெட்டிகளில் எதிலாவது அந்தப் படத்துத் தட்டு முழுசாக இருந்தால் அதன் ஒரு பக்கத்தை அதில் ஓட்டுவோம். முள்ளை நான் மாட்டுகிறேன். இரண்டு குழாய், ஆளுக்கொரு பக்கம் திருப்பி.

கொண்டுவரும்போது தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், கீழ்த்தட்டு பாரம் தாங்காது. பெட்டிக்குள் நிறுத்தி வைத்து, இடைவெளியில் பழைய வேட்டித் துணியை மடித்துத் திணியுங்கள். வெயிலில் வண்டிமேல் வைக்காதீர்கள், அரக்கு நெளிந்துவிடும். அழுக்கு என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், வரியே கரைந்துபோகும். தூசியோடு அப்படியே எடுத்து வாருங்கள், துடைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
மைக் செட்காரர் மகள், மொரப்பூர்